பழைய காசு கிடைச்சா புளி போட்டுத் தேய்க்காதீங்க!

போன மாசம் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா, சுருக்குப் பையில இருந்து ஒரு செம்புக் காசை எடுத்து நீட்டினாங்க.

"தோட்டத்துல கெடந்துது டாக்டரே. புளி போட்டுத் தேச்சேன். இப்ப பொன்னு மாதிரி இருக்குல்லா?"

மின்னத்தான் செஞ்சுது. ஆனா எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. ஏற்கெனவே தேஞ்சிருந்துதா, தேய்ச்சதுல போச்சா? இனி யாராலும் சொல்ல முடியாது.

அப்படிப் போறதுல என்ன நஷ்டம்னு கேக்கீங்களா? நம்ம நாஞ்சில் நாட்டோட தொடர்புள்ள ஒரு கதை சொல்றேன்.

நாகர்கோவில் வடிவீஸ்வரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. தினமலர் ஆசிரியராக இருந்தவர், பழங்காசு ஆய்வாளர். சங்க கால அரசர்கள் பெயர் பொறிச்சு காசு வெளியிட்டாங்களான்னே சந்தேகம் இருந்த காலம் அது. 1984-ல் அவர் கண்ட ஒரு சின்னச் செம்புக் காசில் ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மீன் சின்னம். குதிரைக்கு மேலே தமிழ் பிராமியில் "பெருவழுதி".

பாண்டியன் காசு! சங்கப் பாடல்களில் மட்டும் கேட்ட பெயர், உலோகத்தில் கிடைச்சிருச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஐந்தாறு எழுத்தும் புளியில் கரைஞ்சிருந்தா?

ஐரோப்பாவிலும் இதே கதைதான். கெல்டிக் மக்கள் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் தங்கக் காசைப் பார்த்து தங்கள் காசை அடிச்சாங்க. அவங்க எழுதி வச்ச வரலாறு மிகக் குறைவு. சில தலைவர்களின் பெயரே காசில் மட்டும்தான் மிஞ்சியிருக்கு.

எழுத்து மட்டும் போதுமா? போதாது. நோயாளிகிட்ட "எப்போ, எங்கே ஆரம்பிச்சுது"ன்னு கேக்காம நாங்க வைத்தியம் பார்க்க மாட்டோம். காசுக்கும் அதே கேள்விதான்: எங்கே கிடைச்சுது?

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் மாக்கோதை, குட்டுவன் கோதை போன்ற சேர மன்னர் பெயர் கொண்ட வெள்ளிக் காசுகள் கிடைச்சிருக்கு. சேரர் தலைநகர் வஞ்சி எதுங்கிற பழைய வழக்கில், கரூர் பக்கம் பேச அதுவும் ஒரு சாட்சி. இடம் தெரியலைன்னா அந்தச் சாட்சி செல்லாது.

அதனால, பழைய காசு கிடைச்சா:

1) தேய்க்காதீங்க. புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டாம். செம்பு மேல உள்ள பச்சைப் படலம் அப்படியே இருக்கட்டும்.

2) கிடைச்ச இடத்தையும் தேதியையும் உடனே எழுதி வைங்க.

3) சாய்ந்த வெளிச்சத்தில் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. எடையும் அளவும் குறிச்சுக்கோங்க.

4) அரசு அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ காட்டுங்க. மண்ணில் மறைஞ்சு கிடந்த புதையல், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். 1878-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்லுது.

அந்த அம்மாகிட்டயும் இடம் கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "கெணத்துக்கு வடக்க, பலா மூட்டுல"ன்னாங்க.

மருந்துச் சீட்டுல அதை எழுதி, காசோட சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.