படைத்தவரும் படியெடுத்தவரும்

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் இயக்குநரையும் நடிகரையும் குறிப்பிடுவர்; படியெடுத்தவரைக் குறிப்பிடுவது அரிது. ஆயினும், ஒரு படைப்பு யார் கையில், எவ்வேளையில் சேரும் என்பதில் படியெடுப்பவருக்கும் பங்குண்டு. இதற்குச் சான்றாக, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இயங்கிய மாக்னெட்டிக் வீடியோ நிறுவனத்தின் வரலாற்றை நாம் நோக்குவோம்.

1968இல் ஆந்த்ரே பிளே என்பவர் தொடங்கிய இந்நிறுவனம், பிறருடைய ஒலி, ஒளிப் பதிவுகளைக் கூலிக்குப் படியெடுத்துக் கொடுத்தது. மூலநாடா ஒரு கருவியில் ஓட, அதனோடு இணைக்கப்பட்ட பல கருவிகள் ஒரே வேளையில் அதனைப் பதிவுசெய்யும். இரண்டு மணிநேரப் படத்தைப் படியெடுக்க இரண்டு மணிநேரம் ஆகும். ஆகவே, படிகள் பெருக வேண்டுமாயின் கருவிகள் பெருக வேண்டும்.

1975இல் சோனியின் பீட்டாமாக்ஸ் கருவி விற்பனைக்கு வந்தது. வீட்டிலிருந்தே படங்களைப் பதிவுசெய்வது தங்கள் உரிமைக்குக் கேடு என்று அஞ்சி, யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் 1976இல் சோனியின்மேல் வழக்குத் தொடுத்தன. இச்சூழலில்தான் பிளே, படங்களைக் கேசட்டுகளாக விற்க அனுமதி வேண்டிப் பட நிறுவனங்களுக்கு எழுதினார். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் மட்டுமே இசைந்தது. 1977இல் 'பேட்டன்', 'தி ஃபிரெஞ்சு கனெக்‌ஷன்' உள்ளிட்ட 50 படங்கள் மக்களுக்கு விற்கப்பட்டன. இவை புதிய படங்களல்ல. ஏற்கெனவே வெளிவந்து ஓடி முடிந்தவை.

இதன் விளைவை எவரும் முன்னறியவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் இக்கேசட்டுகளை வாங்கி, லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக்கு விடத் தொடங்கினார். முறையாக விற்கப்பட்ட படியை வாங்கியவர் பிறருக்குக் கொடுப்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. படைப்பின் உரிமை உரியவரிடமே இருந்தது. விற்ற படியோ அவர் கையை விட்டுப் போயிற்று.

1979இல் ஃபாக்ஸ் இந்நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. பிளே சில ஆண்டுகளில் விலகினார். 1982இல் நிறுவனத்தின் பெயரும் மறைந்தது. 1984இல் உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்தல் குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. பட நிறுவனங்கள் எதனைக் கேடென அஞ்சினவோ, அதுவே அவற்றுக்குப் பெருவருவாயாயிற்று. வழியைத் திறந்தவரோ அவ்வழியில் நெடுந்தூரம் செல்லவில்லை.

கேசட்டின் காலமும் முடிந்தது. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியது. காந்தநாடா காலத்தால் சிதையும். புதிய ஊடகத்தில் மீண்டும் படியெடுக்கப்படாதது அழியும். ஆகவே, படியெடுத்தலை வெறும் கூலிவேலை என நாம் எண்ணலாகாது. படைப்பவரின்றிப் படைப்பில்லை, படியெடுப்பவரின்றி அது அடுத்த தலைமுறையைச் சேர்வதுமில்லை.