மதிப்பு வரும் வரை: ஜாவாஸ்கிரிப்டில் காத்திருத்தலின் வரலாறு

ஜாவாஸ்கிரிப்ட் கற்போர் பலரும் தொடக்கத்திலேயே ஒரு புதிரில் சிக்குகின்றனர். மாறி ஒன்றை வெளியே அறிவித்து, சேவையகத்திலிருந்து தரவு வந்ததும் கால்பேக்கினுள் அதற்கு மதிப்பளிக்கின்றனர். கால்பேக்கை ஒப்படைத்த வரிக்கு அடுத்த வரியில் அதனை அச்சிட்டால் 'அன்டிஃபைன்ட்' என்றே வருகிறது. மாறியின் எல்லையில் ஏதோ பிழை என்று ஐயுறுவது இயல்பு. ஆனால் எல்லை சரியாகவே உள்ளது. அச்சிடும் வரி இயங்கும் கணத்தில் அந்தக் கால்பேக் இன்னும் அழைக்கப்படவில்லை.

இதன் வேர் 1995இல் உள்ளது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் முதல் வடிவம் தந்த இம்மொழி, ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்யும். தரவு வரும்வரை அது காத்து நின்றால் பக்கமே உறைந்துவிடும். ஆகவே காத்திருப்பை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்கு நகர்கிறது. கையிலுள்ள பணி முழுதும் முடிந்த பின்னரே வரிசையில் நிற்கும் கால்பேக்கின் முறை வரும்.

1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, பக்கத்தை மீளேற்றாமலே தரவு கோரும் வசதியைக் கொணர்ந்தது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அம்முறைக்கு 'ஏஜாக்ஸ்' எனப் பெயரிட்டார். 2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், கோப்பு வாசிப்பு போன்ற சேவையகப் பணிகளையும் இதே வழியில் நடத்தியது. கால்பேக்கினுள் கால்பேக் என நிரல் வலப்புறம் சரிந்துகொண்டே சென்றது.

தீர்வோ மொழி பிறக்குமுன்பே இருந்தது. தொலைவிலுள்ள கணினியை அழைத்துவிட்டுக் காத்திராமல் பணி தொடர்வதெப்படி என்ற வினாவுக்கு, 1988இல் எம்.ஐ.டி.யின் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 'பிராமிஸ்' என்று விடையளித்தனர். அழைத்தவுடன் கைக்கு வருவது விடையன்று, விடைக்கான உறுதிச்சீட்டு. தேவைப்படும்போது அதைக் காட்டி மதிப்பைப் பெறலாம். அக்கருத்து ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் இடம்பெற்றது 2015இல். இடைவெளி 27 ஆண்டுகள். 2017இல் அசிங்க், அவெய்ட் என்னும் சொற்கள் சேர்ந்தன. சி ஷார்ப் மொழி அவற்றை 2012இலேயே ஏற்றிருந்தது.

இத்தனைக்குப் பின்னும் அடிப்படை விதி மாறவில்லை. அவெய்ட் தான் இருக்கும் சார்பை மட்டுமே நிறுத்துகிறது. அச்சார்பை அழைத்தவருக்குக் கிடைப்பதும் மற்றொரு பிராமிஸே. இன்னும் பிறவாத மதிப்பை வெளியே எடுத்துவர வழியில்லை. மதிப்பு வேண்டும் பணிதான் அது பிறக்கும் இடத்திற்குச் செல்லவேண்டும். மாணவர் 'எங்கே' என்று கேட்கும் வினாவுக்குள் 'எப்போது' என்ற வினா ஒளிந்திருக்கிறது. தொடரியலை மட்டும் கற்பிக்கும் வகுப்பறை அதனைக் காட்டாது, இவ்வரலாறு காட்டும்.