மெட்டுப் பிறக்கும் வழி



இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் உதவி ஆசிரியனாகக் கடமையாற்றிய காலத்தில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தான். அவன் வீட்டிலே சிறிய கீபோட் ஒன்று இருந்தது. தானே கவிதை எழுதி, தானே இசையமைத்து, வீட்டிலிருந்தே பாட்டொன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. “சேர், சொல் வருகின்றது, மெட்டு வரவில்லை. மெட்டை எப்படி உண்டாக்குவது?” என்று கேட்டான். நான் சிறிதும் தயங்காமல், “அது பிறவியிலே வரும் வரம், தம்பி. முயன்று பெறும் பொருளன்று” என்று கூறிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பின்னர் அவன் அந்த முயற்சியையே கைவிட்டான் என்று அறிந்தேன்.

அன்று நான் சொன்ன விடை பிழை என்பதை இசை வரலாற்றைப் படிக்கப் படிக்க உணரலானேன். பெரும் இசைவாணர் பலர் மெட்டு வரும்வரை வானத்தைப் பார்த்துக் காத்திருந்தவரல்லர். மெட்டுக்கான மூலப்பொருளைத் தேடித் தரும் வழிகளை அவர்கள் வகுத்துக்கொண்டனர். அவ்வழிகள் கிடைத்தவற்றுள் நல்லதைச் செவியினால் தெரிந்தெடுத்தனர். இவ்விரண்டும் சேர்ந்ததே மெட்டமைக்கும் கலை. அவ்வழிகளுட் சிலவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, சொல்லிலிருந்து சுரத்தைப் பெறும் வழி. இத்தாலி நாட்டின் அரெற்சோ நகரிலே சிறுவர்க்குத் தேவாலய இசை கற்பித்தவர் கீதோ என்னும் துறவி. அவர் ஏறக்குறைய 1026ஆம் ஆண்டளவில் ‘மைக்ரோலோகஸ்’ என்னும் இசைநூலை இயற்றினார். அதன் ஓர் அதிகாரத்தில் எளிய உபாயம் ஒன்றைக் கூறுகின்றார். ஐந்து உயிரெழுத்துக்களையும் வரிசையாகச் சுரங்களின் கீழ் எழுதுக. பாடவேண்டிய வாசகத்தை எடுத்து, ஒவ்வோர் அசையிலும் நிற்கும் உயிர் எதுவோ, அதற்குரிய சுரத்தை இடுக. மெட்டொன்று தானே தோன்றும். இவ்வாறு செய்தால் கை மிகவும் கட்டுப்பட்டுவிடும் என்பதை உணர்ந்த அவர், உயிர்களின் இரண்டாம் வரிசை ஒன்றையும் சேர்த்து எழுதும்படி சொல்கின்றார். அதனால் ஒவ்வோர் அசைக்கும் தெரிவு செய்ய இடம் உண்டாகின்றது. தோன்றியவை யாவற்றையும் ஏற்காமல், நல்லனவற்றையே கொள்ளும்படியும் அவர் அறிவுரை கூறுகின்றார்.

இதனை நம் ஊர்ப்பெயர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். அகரத்துக்குச் சட்சம், எகரத்துக்கு ரி, இகரத்துக்குக் க, ஒகரத்துக்கு ம, உகரத்துக்குப் ப என்று வைத்துக்கொள்வோம். நெடிலைக் குறிலோடும் ஐகாரத்தை எகரத்தோடும் சேர்ப்போம். ‘மட்டக்களப்பு’ என்னும் பெயர் ச ச ச ச ப என வருகின்றது. நான்கு முறை ஒரே சுரத்தில் நின்று, இறுதியில் ஒரு தாவல். பறை அறைவதற்கு இது பொருந்தும், தாலாட்டுக்குப் பொருந்தாது. ‘திருகோணமலை’ என்னும் பெயரோ க ப ம ச ச ரி என வருகின்றது. பாடிப் பாருங்கள். ஏறி, இறங்கி, ரிடபத்தில் வந்து நின்று, மேலும் ஏதோ சொல்லப்போவதுபோல ஏங்குகின்றது. ஒரு பல்லவியின் தொடக்கம் அங்கே கிடைத்துவிட்டது. மட்டக்களப்பு நேயர்கள் என்னை மன்னிப்பார்களாக. குற்றம் ஊரின் மீதன்று, நான் இட்ட வரிசையின் மீதே! வரிசையை மாற்றி இட்டால் அப்பெயரும் வேறொரு மெட்டைத் தரும்.

இந்த விளையாட்டைப் பெருங்கலையாக உயர்த்தியவர் யோஸ்கன் தெ பிரே. அவர் இத்தாலியின் பெராரா நகரத்துக் கோமகன் எர்க்கொலேயின் அவையில் 1503, 1504ஆம் ஆண்டுகளில் பணியாற்றியவர். கோமகனின் பெயரையும் பட்டத்தையும் இலத்தீன் மொழியில் எழுதி, அதன் உயிர்களைப் பிரித்து, அவற்றுக்கு இசைந்த சுரப்பெயர்களைக் கொண்டார். நமது சுரங்களிற் சொன்னால், ரி ச ரி ச ரி ம க ரி என்று அது அமையும். இவ்வெட்டுச் சுரங்களையே அடிப்படையாக வைத்துப் பெரிய வழிபாட்டிசை ஒன்றை அவர் கட்டி எழுப்பினார். கர்நாடக இசையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. பாடலின் எழுத்தும் அது நிற்கும் சுரத்தின் பெயரும் ஒன்றாகவே அமையும்படி இயற்றுவதைச் சுவராட்சரம் என்பர். ‘ப’ என்னும் எழுத்துப் பஞ்சமத்திலும், ‘ச’ என்னும் எழுத்துச் சட்சத்திலும் நிற்கும் அழகு அது.

இரண்டாவது, ஒரே பொருளை வேறோர் இடத்தில் நின்று நோக்கும் வழி. இது தமிழர்க்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே, ஆயர் மகளிர் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றனர். நின்ற நரம்புகளை மாற்றாது, குரல் எது என்பதை மட்டும் மாற்றினால் வேறு பாலை பிறக்கும் என்பது பண்டைய யாழாசிரியர் கண்ட உண்மை. இந்நுட்பத்தைக் கணக்கினாலும் ஆராய்ச்சியினாலும் விளக்கியவர் நம் காரைதீவு மண் ஈன்ற விபுலாநந்த அடிகளார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அரங்கேறிய அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார் என்பது நாம் நினைந்து வருந்தும் செய்தி.

இதனை வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம். மோகன இராகத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிடபத்தைச் சட்சமாகக் கொண்டு அதே கட்டைகளை வாசித்தால் மத்தியமாவதி தோன்றும். காந்தாரத்தைச் சட்சமாக்கினால் இந்தோளம். பஞ்சமத்தைச் சட்சமாக்கினால் சுத்த சாவேரி. தைவதத்தைச் சட்சமாக்கினால் சுத்த தன்யாசி. ஐந்து கட்டைகளுக்குள் ஐந்து உலகங்கள்! கையில் உள்ள மெட்டு அலுத்துப்போனால், புதிய சுரங்களைத் தேடி ஓடுவதற்கு முன்னர், நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பது நன்று.

மூன்றாவது, எண்ணிப் பார்த்து வெற்றிடத்தைக் கண்டறியும் வழி. 17ஆம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் ஆட்சியில் வாழ்ந்தவர் வேங்கடமகி. அவர் தமது ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் நூலிலே, ரி, க ஆகியவை சேரும் முறை 6, த, நி ஆகியவை சேரும் முறை 6, மத்திமம் 2 எனக் கணக்கிட்டு, 6ஐ 6ஆலும் அதனை 2ஆலும் பெருக்கி, 72 மேளங்கள் உண்டாகும் என நிறுவினார். அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 மட்டுமே. எஞ்சியவை பெயரளவில் இருந்த வெறும் வீடுகள். அவ்வீடுகளிலே பின்வந்தோர் குடியேறினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோடீசுவர ஐயர், 72 மேளங்களிலும் முருகன்மீது தமிழ்ப் பாடல்களை இயற்றி, அவற்றைக் ‘கந்தகானாமுதம்’ என வழங்கினார். ஒருவர் காகிதத்திற் போட்ட கணக்கு, சில நூற்றாண்டுகளின் பின்னர் இன்னொருவர் நாவிலே பாட்டாயிற்று.

நான்காவது, இரவல் பெறும் வழி. இதனைச் சொல்ல நாணவேண்டியதில்லை. முத்துசாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில், புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆங்கிலேயர் வாத்தியக் குழு வாசித்த மெட்டுக்களைக் கேட்டார். அம்மெட்டுக்களைச் சங்கராபரணத்துக்கு இசைந்தவையாகக் கொண்டு, வடமொழிச் சொற்களை அமைத்து, ஏறத்தாழ 40 பாடல்களை இயற்றினார். இவையே நொட்டுசுரங்கள் எனப்படுவன. ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் இவற்றுள் ஒன்றாகத் தெய்வத்தின்மீது பாடப்பட்டது. நம் முன்னோர் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாடலின் தலைப்பிலே ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று குறித்திருப்பதைக் காணலாம். பெற்ற மெட்டை எவரிடமிருந்து பெற்றோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் அந்தப் பண்பாடு போற்றத்தக்கது. இரவல் மெட்டில் சொல் அமைத்துப் பழகியவனுக்கு, ஒரு மெட்டு எங்கே மூச்சு விடுகின்றது, எங்கே உச்சத்தை அடைகின்றது என்பன விளங்கிவிடும். பின்னர் தன் மெட்டைத் தானே கட்டும் துணிவு வரும்.

ஐந்தாவது வழி வேடிக்கையானது; பகடை உருட்டி மெட்டமைப்பது! 1757ஆம் ஆண்டு பேர்லின் நகரத்துக் கேர்ன்பேர்கர் என்னும் இசைவாணர், பகடையின் உதவியால் எவரும் நடன இசை அமைக்கக்கூடிய நூல் ஒன்றை வெளியிட்டார். மொட்சார்ட் 1791இல் மறைந்த பின்னர், அவர் பெயரைத் தாங்கி இவ்வகையான வேறொரு நூலும் வெளிவந்தது. அது அவருடையதே என்று உறுதிப்படவில்லை. அந்நூலில் 16 இடங்கள் உண்டு. இரண்டு பகடைகளை உருட்டினால் 2 முதல் 12 வரை 11 எண்கள் வரலாம் ஆதலால், ஓர் இடத்துக்கு 11 ஆக, மொத்தம் 176 சிறு இசைத்துண்டுகள் அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. எப்படி உருட்டினாலும் கேட்கத்தக்க நடன இசை ஒன்று கிடைக்கும்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பகடையா மெட்டமைத்தது? அந்த 176 துண்டுகளையும், எதன் பின் எது வந்தாலும் பொருந்தும்படி முன்னரே எழுதிவைத்தது ஒரு மனிதரின் பயின்ற செவி. இன்று நம் வீட்டுக் கணினியிலே ஒரு பொத்தானை அழுத்தினால் நூறு மெட்டுக்கள் வந்து விழுகின்றன. அவற்றைக் கண்டு அஞ்சவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. அதுவும் பெரியதொரு பகடையே. விழுந்த நூறில் எது நமக்கு உரியது என்று சொல்லவேண்டியவர் நாமே.

அவ்வாறு தெரிவு செய்வதும் திருத்துவதும் எத்துணைப் பாடு உடையன என்பதற்குப் பேத்தோவனின் குறிப்பேடுகள் சான்று. அவர் உலாவப் போகும்போதும் சிறு ஏடொன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்து, தோன்றிய சுரங்களைக் கிறுக்கிக்கொள்வார். அவ்வேடுகள் பல இன்றும் காக்கப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டிலே நொட்டெபோம் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டபோது உலகம் வியந்தது. 1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதியில் வரும் இன்ப கீதத்தின் மெட்டு, பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களிலேயே ஏறி இறங்குவது. பள்ளிப் பிள்ளையும் பாடக்கூடிய எளிமை அதற்கு உண்டு. அந்த எளிமையை அடைவதற்கு அவர் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய முயற்சிகள் பல. கேட்பவர் காதுக்குத் தானாகப் பிறந்ததுபோல் ஒலிக்கும் மெட்டு, ஆக்கியவர் ஏட்டிலே அடித்தலும் திருத்தலுமாகக் கிடக்கின்றது.

ஆகவே, வீட்டிலிருந்து இசையமைக்க விரும்பும் இளைஞர்க்கு நான் சொல்லக்கூடியவை சில. சொல்லை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். அதன் உயிர்களையும் நடையையும் கேளுங்கள். ஐந்து சுரங்களுக்கு மேல் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். ஒரு துண்டு பிடித்துக்கொண்டால், அதனையே வேறு சுரத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். வந்ததை உடனே கைத்தொலைபேசியிலேனும் பதிந்து வையுங்கள். ஒரு நாள் கழித்துக் கேட்டு, வேண்டாதவற்றை விலக்குங்கள். பத்தில் ஒன்பது போனாலும் கவலையில்லை. எஞ்சிய ஒன்று உங்களுடையது.

சென்ற ஆண்டு எமது பாடசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பழைய மாணவர் வந்திருந்தார். இப்போது அவர் ஒரு பெண் பிள்ளையின் தந்தை. அன்று நான் சொன்ன விடையை அவரிடம் நினைவூட்டி, அது பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். “கீபோட் இன்னும் வீட்டிலே இருக்கிறது, சேர். இப்போது மகள்தான் வாசிக்கிறாள். மெட்டு எப்படி வரும் என்று அவளும் கேட்கிறாள்” என்றார்.

தந்தைக்கு நான் சொல்லத் தவறிய விடை இதுவே. இப்பேச்சை அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்ற நம்பிக்கையோடு அமைகின்றேன்.