கொர்னேலியுஸ் (திருத்தந்தை)

திருத்தந்தை கொர்னேலியுஸ் கி.பி. 251 முதல் 253 வரை உரோமை ஆயராகப் பணியாற்றினார். துன்புறுத்தலுக்கு அஞ்சி நம்பிக்கையைக் கைவிட்டவர்களுக்கு மன்னிப்பு உண்டா என்னும் கேள்வியே அவரது குறுகிய ஆட்சிக்காலத்தின் மையமாக இருந்தது.

பின்னணி

உரோமைப் பேரரசின் மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று பேரரசர் தேசியுஸ் ஆணையிட்டார். மறுத்தவர்கள் சிறை, சித்திரவதை, சாவு ஆகியவற்றை எதிர்கொண்டனர். 250 சனவரி 20ஆம் நாள் திருத்தந்தை ஃபேபியன் உயிர்நீத்தார். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக உரோமையில் ஆயர் இல்லை. அக்காலத்தில் கிறித்தவர் பலர் பலி செலுத்தினர். வேறு சிலர் பலி செலுத்தாமலே, செலுத்தியதாகச் சான்றிதழ் பெற்றுத் தப்பினர்.

தேர்தலும் பிளவும்

251 மார்ச்சில் கொர்னேலியுஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். தவறியவர்கள் மனம் வருந்தித் தவம் செய்தால் திருச்சபையில் மீண்டும் ஏற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. உரோமைக் குருவும் கற்றறிந்த இறையியலாருமான நொவாசியான் இதை எதிர்த்தார். அவர்களை மன்னிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்று கூறிய அவர், மூன்று ஆயர்களின் கையால் திருப்பொழிவு பெற்று எதிர்-திருத்தந்தை ஆனார். நம்பிக்கைக்காகச் சிறையில் வாடியவர்களுள் சிலரும் முதலில் அவர் பக்கம் நின்றதால், கொர்னேலியுசின் நிலை எளிதாக இருக்கவில்லை.

கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் கொர்னேலியுசை ஆதரித்தார். 251இல் 60 ஆயர்கள் கூடிய உரோமைச் சங்கம் நொவாசியானைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. சிறையிருந்தவர்களும் கொர்னேலியுசிடம் திரும்பினர். நொவாசியானைத் திருப்பொழிவு செய்த ஆயர்களுள் ஒருவர் அழுது மன்னிப்புக் கேட்டபோது, அவரைப் பொதுநிலையினராக ஏற்றுக்கொண்டார் கொர்னேலியுஸ். பதவி திரும்பக் கிடைக்கவில்லை; உறவு கிடைத்தது. அவர் போதித்த மன்னிப்பின் அளவு இதிலிருந்து விளங்கும்.

உரோமைச் சபையின் நிலை

அந்தியோக்கியா ஆயர் ஃபேபியுசுக்குக் கொர்னேலியுஸ் எழுதிய மடலின் பகுதிகளை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்துள்ளார். அக்கால உரோமைச் சபையில் 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடத்துணைவர்கள் இருந்தனர். பேயோட்டுநர், வாசகர், வாயில் காப்போர் சேர்ந்து 52 பேர். கைம்பெண்களும் வறியோருமாக 1,500க்கும் மேற்பட்டோரைச் சபை பேணி வந்தது.

நாடுகடத்தலும் இறப்பும்

பேரரசர் கால்லுஸ் காலத்தில் கொர்னேலியுஸ் இன்றைய சிவித்தாவேக்கியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, 253இல் அங்கேயே இறந்தார். அவர் தலை வெட்டப்பட்டார் என்பது பிற்கால மரபு. உரோமையின் கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைத் தொகுதியில் உள்ள அவரது கல்லறையை 19ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் தெ ரோசி கண்டறிந்தார். அதன் இலத்தீன் கல்வெட்டு அவரை 'மறைச்சாட்சி' என்று குறிப்பிடுகிறது.

நொவாசியானின் பிரிவு சில நூற்றாண்டுகள் நீடித்தது. தவறியவருக்கும் திரும்பிவர வழி உண்டு என்ற கொர்னேலியுசின் நிலைப்பாடே திருச்சபையின் நடைமுறையாக நிலைத்தது. கத்தோலிக்க திருச்சபை அவரையும் சிப்பிரியானையும் செப்டம்பர் 16ஆம் நாள் ஒருசேர நினைவுகூர்கிறது.