திண்ணையில் முறை சொன்ன பிள்ளைகள்

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பழக்கம் இன்று பரவலாகிவிட்டது. ஆனால் அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, அதுவரை வந்த ஆய்வுகளை அலசிய ஹெரால்டு பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008இல் எழுதினார்கள். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிரிவினைக்கே இடமிருக்கவில்லை. பிள்ளைகள் ஒரே மாதிரி அல்ல என்பது மட்டும் அங்கே நன்றாகத் தெரிந்திருந்தது. கற்கும் வேகத்தில்தான் அந்தப் பள்ளி வேற்றுமை பார்த்தது.

அரிச்சுவடி தொடங்கும் பிள்ளை, பரப்பிய மணலில் எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லும். விரல், வாய், காது, கண் நான்கும் ஒரே எழுத்தில் உழைக்கும். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான் கைக்கு வரும். எண்சுவடியில் முந்திரி, காணி, மாகாணி என்ற பின்ன வாய்பாடுகள் மனப்பாடமாகும். அதிகாலையில் வந்ததும் பழைய பாடத்தைச் சுவடி பார்க்காமல் ஒப்பிப்பதற்கு 'முறை சொல்லுதல்' என்று பெயர். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் ஒரு பூ, ஒரு பட்சி, ஒரு ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அவற்றை மறவாமல் சொல்ல வேண்டும் என்பதை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். ஓர் இரவு கழித்து நினைவைத் தோண்டி எடுக்கும் பயிற்சி இது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள்.

திண்ணையில் வயதுவாரி வகுப்பு இல்லாததால், ஒரு பாடம் தேறிய பிள்ளை அடுத்ததற்குப் போகும். தேறாத பிள்ளை அதிலேயே நிற்கும். இளையவர்களைக் கவனிக்க மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை உண்டு. 1789இல் சென்னை எழும்பூர் ராணுவ அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கத்திய பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் லண்டனில் அறிக்கை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் படிப்பு பொருள் புரியாத வெறும் மனப்பாடம்தானே என்று கேட்கலாம். நிலம் அளக்கவும் நெல் கணக்குப் பார்க்கவும் பின்னம் வேண்டியிருந்த ஊரில் வாய்பாட்டுக்கு அன்றாடப் பயன் இருந்தது. ஆனால் செய்யுளை உரை கேட்காமலே ஒப்பித்த பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் குறை உண்மைதான். பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் அந்தப் பள்ளியின் பகுதிகளே. 1826இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தந்த கணக்கில், மாகாணத்தின் 12,498 பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாமலே இருந்தது. இத்தனையும் அந்த நிறுவனத்தின் குற்றங்கள். ஆனால் பிரம்பும் சாதியும் இல்லாமலே முறை சொல்ல முடியும். பொருளை விளக்கிவிட்டும் ஒப்பிக்கச் சொல்லலாம். ஆகவே ஒரு பிள்ளை கண்ணால் கற்பதா, காதால் கற்பதா என்று முத்திரை குத்துவதற்குச் செலவிடும் நேரத்தை, நேற்றைய பாடத்தைப் புத்தகம் மூடிச் சொல்ல வைப்பதற்குச் செலவிடுவதே மேல்.