கடல் மேப்பில் கரையோரம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு? அங்கே கடல் இல்லையா?

புயல் நேரத்தில் செய்திகளில் வரும் கடல் மேப்பை மொபைலில் ஜூம் செய்து பாருங்கள். நடுக்கடலில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் அழகாகப் பரவியிருக்கும். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் படிக்கட்டு மாதிரி உடையும். சில மேப்களில் நிலத்துக்கும் வண்ணத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டையே தெரியும். நெட் ஸ்லோ ஆகி மேப் பாதியில் நின்றுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். இதற்குக் காரணம் ‘லேண்ட் மாஸ்க்’.

எல்லாம் கட்டங்கள்தான்

கடல் மாடல் என்பது கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அலை, நீரோட்டம், வெப்பநிலையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராம். 1/12 டிகிரி மாடல் என்றால், நம்ம பக்கத்தில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. கடல் கட்டத்துக்கு 1, நிலத்துக்கு 0 என்று முதலிலேயே குறித்துவிடுவார்கள். இதுதான் மாஸ்க். பொதுவாக, பாதி கடல், பாதி நிலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாம்பனை எடுத்துக்கொள்வோம். அங்கே ரயில் பாலத்தின் நீளமே சுமார் 2 கி.மீ.தான். 9 கி.மீ. கட்டத்தில் அந்தக் கடல் எங்கே அடங்கும்? மாடலின் கணக்கில் ராமேஸ்வரம் தீவாகவே இல்லாமல் போகலாம்!

பட்டை எப்படி வருகிறது?

கட்டங்களை அப்படியே வரைந்தால் படிக்கட்டு தெரியும். வழுவழுப்பாகக் காட்ட, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைத்து வண்ணம் தீட்டுவார்கள். அதில் ஒரு மூலை நிலமாக இருந்தால், அந்தத் துண்டை சாஃப்ட்வேர் வரையாமல் விட்டுவிடும். அதுதான் வெள்ளைப் பட்டை.

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. நிலத்தை மறைக்காமல் 0 என்றே விட்டு சராசரி எடுத்தால், கடலில் 29 டிகிரி, நிலத்தில் 0, நடுவே 14.5 டிகிரி என்று காட்டும். தமிழகக் கரையில் ஐஸ் தண்ணீர் மாதிரி! வெள்ளைப் பட்டை பார்க்க அசிங்கம்தான், ஆனால் பொய் சொல்லாது. இது சொல்லும்.

சரி, சுத்தமாக வரைவது எப்படி?

கரைக்கு மிக அருகில் உள்ள கடல் கட்டத்தின் மதிப்பை, ஒன்றிரண்டு கட்டம் நிலத்துக்குள் நீட்டுவார்கள். அதன் மேல் துல்லியமான கரையோர வரைபடத்தை நிலத்தின் நிறத்தில் ஒட்டுவார்கள். வண்ணம் சரியாகக் கரையைத் தொட்டு நிற்கும்.

ஆனால் அந்தக் கடைசி சில கிலோமீட்டர் வண்ணம் மாடல் கணக்கிட்டது இல்லை, பக்கத்துக் கட்டத்திலிருந்து இழுத்துப் போட்டது. நாட்டுப்படகுகள் அதிகம் நிற்பதும் அங்கேதான்.

அதனால், கடலுக்குப் போகும் முன் கலர் மேப்போடு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கையையும் படித்துவிடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று ஊர் பெயரோடு, அலை உயரம் எத்தனை மீட்டர் என்றும் அதில் இருக்கும்.