தனிக் கதவும் பொது மேசையும்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் கோர்ட்ரெய்க் நகரில் மார்செல்லா பாட்டெய்ன் என்னும் மூதாட்டி தம் 92ஆம் அகவையில் ஆண்டவரில் துயில்கொண்டார். அவரோடு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் நீடித்த ஒரு வாழ்க்கை முறையும் கண்மூடியது. ஏனெனில், உலகில் எஞ்சியிருந்த கடைசிப் பெகீன் அவரே. இளமையிலேயே பார்வை குன்றியிருந்த அவரை ஏற்றுக்கொள்ளத் துறவற இல்லங்கள் முன்வரவில்லை. 1941ஆம் ஆண்டில் கெண்ட் நகரையடுத்த பெகீன் குடியிருப்பு ஒன்று அவருக்குத் தன் வாயிலைத் திறந்தது. அன்று முதல் இசையும் பின்னல் வேலையும் நோயாளிகளுக்கு ஆற்றிய ஆறுதல் பணியும் அவரது வாழ்வாயின.

யார் இந்தப் பெகீன்கள்? அவர்களது வரலாற்றை இன்று நாம் புரட்டிப் பார்ப்பதேன்? நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வேளைகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மூன்று அறைகள், ஒரு தொலைக்காட்சி, உள்ளே தாழிட்ட கதவு; பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஒரு முதியவர். இரண்டு வீடுகள் தள்ளி இன்னொரு கதவு. அதன் பின்னால் அதே தனிமை. இருவருக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனிக் குளிர்பதனப் பெட்டி, தனித்தனிக் கண்ணீர். இடையிலிருப்பது ஒரு சுவர்தான். ஆனால் அந்தச் சுவரை இடித்துவிட்டால் தீர்வு கிடைத்துவிடுமா? வரலாறு தரும் விடை நாம் எண்ணுவதைவிட நுட்பமானது.

சுவரும் வாயிலும்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிளாண்டர்ஸ், பிரபாந்த் பகுதிகளில் துணி நெசவு பெருகி நகரங்கள் வளர்ந்தன. வேலை தேடி வந்தோரில் கைம்பெண்களும் மணமாகாப் பெண்களும் மிகுதி. அக்காலப் பெண்ணுக்குச் சமூகம் வகுத்திருந்த வழிகள் இரண்டே: ஒன்று கணவனின் இல்லம், மற்றொன்று கன்னியர் மடம். இவ்விரண்டிலும் சேராத பெண்கள் சிலர், செபத்திலும் உழைப்பிலும் ஒன்றுபட்டு வாழ மூன்றாவது வழியொன்றைக் கண்டனர். அவர்களே பெகீன்கள். பிளாண்டர்ஸ் கோமகள் ஜோன், அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த தங்கை மார்கரெட் ஆகியோர் அவர்களுக்குப் பெரும் ஆதரவு நல்கினர். கோர்ட்ரெய்க் குடியிருப்பு 1238ஆம் ஆண்டிலும், புரூஜ் குடியிருப்பு 1245ஆம் ஆண்டிலும் தோன்றியவை எனக் கணக்கிடுவர்.

அவர்கள் வாழ்நாள் வார்த்தைப்பாடு எடுக்கவில்லை. குடியிருப்பில் வாழும் காலம் வரை கற்பையும் கீழ்ப்படிதலையும் கடைப்பிடிப்பதாக வாக்களித்தனர். விரும்பினால் வெளியேறி மணம் புரியவும் தடையில்லை. சொத்துரிமையை அவர்கள் துறக்கவில்லை. நூல் நூற்றும், துணி வெளுத்தும், சரிகை பின்னியும், சிறுமியர்க்குக் கல்வி புகட்டியும், நோயாளிகளைப் பேணியும் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டனர்.

அவர்கள் கட்டிய குடியிருப்பின் அமைப்பே நம் சிந்தனைக்கு உரியது. சுற்றிலும் மதில், இரவில் அடைக்கப்படும் ஒரு வாயில், உள்ளே தெருக்கள் அல்லது பசும்புல் முற்றம், அதைச் சுற்றி வரிசையாகச் சிறு வீடுகள். வசதியுடையோர் தனி வீட்டில் வாழ்ந்தனர். வசதியற்றோர் பெரிய இல்லங்களில் சேர்ந்து வாழ்ந்தனர். நடுவே அனைவருக்கும் பொதுவாக ஆலயம், நோயாளர் இல்லம் ஆகியன. வறியோர்க்கு உணவும் உதவியும் வழங்கிய அறநிதிக்கு 'தூய ஆவியின் மேசை' என்றே பெயர். தலைவியைத் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்துகொண்டனர். ஆக, கதவு தனியாக இருந்தது. மேசை பொதுவாக இருந்தது.

இத்தகைய பெண்களைத் திருச்சபை உடனே புரிந்துகொண்டதா? இல்லையென்பதை நாம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பெகீன் என அறியப்பட்ட மார்கரீத் போரேத் 1310ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். 1311–12இல் கூடிய வியன் பொதுச்சங்கம் பெகீன் வாழ்க்கை முறையையே கண்டனம் செய்தது. பின்னர் 1318ஆம் ஆண்டில் திருத்தந்தை 22ஆம் யோவான், நேர்மையாக வாழும் பெகீன்களைத் துன்புறுத்தலாகாது எனத் தெளிவுபடுத்தினார். இதற்கிடையே பல நாடுகளில் அவர்களது இல்லங்கள் கலைந்துபோயின. தாழ்நிலப் பகுதிகளிலோ, மதிலும் ஒழுங்கும் தனிப் பங்கு அமைப்பும் கொண்ட குடியிருப்புகளாக அவை நிலைத்தன. ஆணின் காவலும் மடத்தின் காவலும் இல்லாத பெண்களைக் கண்டு அன்றைய உலகம் அஞ்சியது என்பதே உண்மை.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அவர்களது சொத்துகள் நகர அறநிலைய ஆணையங்களின் கைக்குச் சென்றன. பெகீன்களின் எண்ணிக்கை சிறுகச் சிறுகக் குறைந்தது. லூவன் நகரின் பெரிய பெகீன் குடியிருப்பை 1962ஆம் ஆண்டில் அந்நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் வாங்கிப் புதுப்பித்தது. இன்று அங்கே மாணவர்களும் வெளிநாட்டுப் பேராசிரியர்களும் குடியிருக்கின்றனர். 1998ஆம் ஆண்டில் பிளாண்டர்ஸ் பகுதியின் 13 பெகீன் குடியிருப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால் அவற்றை எழுப்பிய வாழ்வு?

வடக்கே எழுந்த அதே வினா

வரலாற்றில் சில வினாக்கள் மறைவதில்லை. வேறோர் இடத்தில், வேறொரு மொழியில் மீண்டும் எழுகின்றன. பெகீன்களை அறிந்து பின்பற்றியவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அதே வினாவை இருபதாம் நூற்றாண்டில் வட ஐரோப்பியர் எழுப்பினர்.

1935ஆம் ஆண்டில் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கூட்டு வாழ்வுக்கென ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியுசும், பிற்காலத்தில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்வா மிர்தாலும் இத்திட்டத்தின் பின்னணியில் இருந்தனர். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் சுமையைக் குறைப்பதே நோக்கம். கீழ்த்தளத்தில் பொது உணவகமும் குழந்தைகள் காப்பகமும் அமைந்தன. சமைத்த உணவு சிறு மின்தூக்கிகள் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறிச் சென்றது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஊதியம் பெற்ற பணியாளர்கள் சமைத்தனர், குடியிருந்தோர் உண்டனர். உணவு சுவரைக் கடந்தது, மனிதர் கடக்கவில்லை. காலப்போக்கில் அந்தச் சேவைகள் நின்றுபோயின. 1970களின் இறுதியில் சுவீடன் பெண்கள் குழு ஒன்று இதைச் சிந்தித்துப் புதிய வழியை முன்வைத்தது: பணியாளர் வேண்டா, குடியிருப்போரே முறைவைத்துச் சேர்ந்து சமைக்கட்டும்.

டென்மார்க்கில் இதற்கு முன்பே விதை விழுந்திருந்தது. யான் குட்மன்-ஹோயர் என்னும் கட்டடக் கலைஞர் தம் நண்பர்களுடன் கோபன்ஹேகன் அருகே ஹாரெஸ்கோவ் என்ற இடத்தில், பொது இல்லமொன்றைச் சுற்றி 12 வீடுகள் கட்ட 1964ஆம் ஆண்டில் திட்டமிட்டார். அண்டை அயலார் எதிர்த்தனர். காரணம் என்ன தெரியுமா? பிள்ளைகள் பெருகிக் கூச்சல் மிகும் என்ற அச்சம்! திட்டம் கைவிடப்பட்டது. அன்று கணவன் இல்லாத பெண்களுக்கு அஞ்சிய உலகம், இன்று கூடி விளையாடும் பிள்ளைகளுக்கு அஞ்சியது.

1967ஆம் ஆண்டில் போடில் க்ரோ என்ற பெண் எழுத்தாளர், பிள்ளைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்ற கருத்தில் 'பொலிட்டிகென்' நாளிதழில் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டில் குட்மன்-ஹோயரும் தம் தோல்வியுற்ற முயற்சியைப் பற்றி எழுதினார். இவ்விரு கட்டுரைகளையும் படித்த குடும்பங்கள் பல ஒன்றுகூடின. 1972ஆம் ஆண்டில் ஹில்லெரோட் நகரருகே 27 வீடுகளுடன் 'சேத்தெடாம்மன்' குடியிருப்பு எழுந்தது. 1973ஆம் ஆண்டில் 33 வீடுகளுடன் 'ஸ்க்ரோபிளானெட்' தொடர்ந்தது. டேனிய மொழியில் இம்முறைக்கு 'பொஃபெலெஸ்கேப்' என்று பெயர். வாழ்விடத் தோழமை என நாம் அதைத் தமிழாக்கலாம். கேத்ரின் மக்காமண்ட், சார்லஸ் டுரெட் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இவற்றை நேரில் கண்டு ஆய்ந்து, 1988ஆம் ஆண்டில் நூலாக்கினர். 1991ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 26 வீடுகளுடன் அந்நாட்டின் முதல் குடியிருப்பு தோன்றியது.

குறைவில் நிறைவு

இக்குடியிருப்புகள் இயங்கும் விதம் எளிது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையுடன் கூடிய முழுமையான தனி வீடு உண்டு. ஆனால் அவ்வீடு சற்றுச் சிறியது. அங்கே மிச்சமான இடமும் பணமும் சேர்ந்து பொது இல்லமாகின்றன. பெரிய சமையற்கூடம், உணவுக்கூடம், துணி துவைக்கும் அறை, பிள்ளைகள் விளையாடும் அறை ஆகியன அதில் அமையும். மாலை உணவை முறைவைத்துச் சிலர் சமைப்பர். ஏனையோர் வந்து உண்பர். மாதத்தில் ஓரிரு நாள் பலருக்காகச் சமைப்பவர், மற்றப் பல நாட்களில் சமைக்காமலே உண்ணலாம். ஊர்திகள் குடியிருப்பின் ஓரத்திலேயே நிறுத்தப்படுவதால் நடுவழிகள் பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் உரியனவாகின்றன.

சுற்றுச்சூழல் பேணுவோர் இம்முறையை இன்று விரும்பி ஏற்பதன் காரணமும் இதுவே. ஒட்டிக் கட்டிய வீடுகளில் குளிர்காலத்து வெப்பம் வீணாவது குறைவு. துவைப்பெறியோ புல்வெட்டும் கருவியோ வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. ஆண்டில் சில நாளே வரும் விருந்தினருக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. நிலம் மிச்சமாகிறது. குறைவாக வைத்துக்கொண்டு நிறைவாக வாழ்வது துறவிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இக்குடும்பங்கள் காட்டுகின்றன.

இவையனைத்தும் சச்சரவின்றி நிகழ்ந்தன என எண்ண வேண்டாம். நிலம் தேடவும், வரைபடம் வகுக்கவும், ஒருமனப்படவும் ஆண்டுக்கணக்கில் கூட்டங்கள் நடந்தன. பொறுமையிழந்து விலகியோர் பலர். திருத்தூதர் பணிகள் நூலைப் படித்தோர்க்கு இது வியப்பன்று. எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்த முதல் கிறித்தவச் சமூகத்திலேயே, பந்திப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டதாகப் பூசல் எழவில்லையா? திருத்தூதர்கள் பகிர்வை நிறுத்திவிடவில்லை. பந்தியைக் கவனிக்க எழுவரை ஏற்படுத்தினர். பேதுருவும் அனனியாவிடம், நிலத்தை விற்கும் முன்னும் விற்ற பின்னும் அது அவனுக்கே உரியதாயிருந்தது என்று நினைவூட்டுகிறார். பகிர்வு கட்டாயமன்று, அது சுதந்திரத்தின் கனி. எனவேதான் தனிக் கதவு வேண்டும். தன் கதவைச் சாத்திக்கொள்ள உரிமையுடையவனே மனமுவந்து அதைத் திறக்கவும் கூடும்.

யாருக்கு இந்த வாயில்?

இவ்வளவும் பாராட்டிய பின் நம் மனத்தை உறுத்தும் வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. இத்தகைய குடியிருப்பில் யார் நுழைய முடியும்? டென்மார்க்கின் தொடக்ககாலக் குடியிருப்புகள் பெரும்பாலும் கல்வியும் நல்ல வருவாயும் உடையோர் சொந்தமாக வாங்கியவை. ஒத்த மனத்தோர் ஒத்த மனத்தோரையே தேடுவது இயல்பு. அவ்வாறாயின், தனிமனிதத் தன்னலத்துக்குப் பதிலாகக் கூட்டுத் தன்னலம் ஒன்றைத்தான் நாம் கட்டி எழுப்புவோமா?

அந்நாட்டவரே இதை உணர்ந்தனர். 1978ஆம் ஆண்டில் ஹெர்ஃபோல்கே என்னும் ஊரில் 'டிங்கோர்டன்' குடியிருப்பு பொது வாடகை வீடுகளாகவே கட்டப்பட்டது. வீடுகளைச் சற்றே சுருக்கிச் சிறு சிறு தொகுதிகளாக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பொது இல்லம் தந்தனர். சொந்த வீடு வாங்க இயலாதோரும் இதனால் தோழமை வாழ்வைச் சுவைக்க முடிந்தது. 1981ஆம் ஆண்டில் வந்த சட்டம், கூட்டுறவு முறையில் வீடு கட்டுவோர் எளிதாகக் கடன் பெற வழிசெய்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது. நீதியான சட்டமும் வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

மீண்டும் மார்செல்லாவை நினைக்கிறோம். பிற இல்லங்கள் தயங்கிய பெண்ணை ஏற்றுக்கொண்டதால்தான், எண்ணூறு ஆண்டு மரபின் இறுதிச் சுடரை ஏந்தும் பேறு அந்தக் குடியிருப்புகளுக்கு ஒரு பார்வையற்ற பெண் வழியாகக் கிடைத்தது. பயனற்றவர் என ஒதுக்கப்பட்டவரே இறுதிவரை நிலைத்து நின்றார். மதிலின் உறுதியாலோ மேசையின் வளத்தாலோ ஒரு பொதுவாழ்வை அளந்துவிட முடியாது. யாருக்காக அதன் வாயில் திறக்கிறது என்பதே அளவுகோல்.

அடுத்த முறை நற்கருணையை ஏந்தி அந்தத் தெருவுக்குள் செல்லும்போது, முதல் கதவைத் தட்டிய பின் உடனே திரும்பிவிட நமக்கு மனம் வராது. அம்முதியவரின் கைப்பிடித்து, இரண்டு வீடுகள் தள்ளியிருக்கும் மற்றக் கதவுவரை நடத்திச் செல்ல வேண்டும் போலிருக்கிறது. குடியிருப்புகளைக் கட்டுவதற்குக் கல்லும் மண்ணும் சட்டமும் பணமும் வேண்டும். ஒரு மேசையைப் பொதுவாக்குவதற்கோ, முதலில் ஒரு கதவைத் தட்டினால் போதும்.